பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய முப்தி

நாட்டை ஆளுகிறவர் தவறு செய்தால், அவரை யார் கேட்பது?

கடவுளின் சட்டப்படி ஆளவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சட்டத்துக்குப் பொருள் சொல்லுவது யார்? ராஜாவா? மத அறிஞர்களா? சாதாரண ஜனங்களா?

அரபு நாடுகளில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வி எழுந்தபடியே இருக்கிறது. தெருவில் கேட்கிறார்கள். பள்ளிவாசலில் கேட்கிறார்கள். பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். இதற்காகச் சண்டையும் நடந்திருக்கிறது.

இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவர் எகிப்து நாட்டில் இருந்தார். அவர் பெயர் முகம்மது அப்து. அரசாங்கம் அவரை நாடு கடத்தியது. பிறகு அதே அரசாங்கம் அவரை நாட்டின் தலைமை முப்தி ஆக்கியது.

முப்தி என்றால், மார்க்கச் சட்டத்தில் எழும் சந்தேகங்களுக்கு முடிவு சொல்லும் பெரியவர். அவர் கொடுக்கும் முடிவுக்குப் "பத்வா" என்று பெயர்.

இவ்வளவு பெரிய பதவிக்கு வந்தவர், சிறு வயதில் படிப்பே வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர்!

புரியாத பாடம்

முகம்மது அப்து 1849-ம் ஆண்டில் பிறந்தார். நைல் நதி கடலில் கலக்கும் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தில் வளர்ந்தார். தகப்பனார் விவசாயி. ஓரளவு வசதியான குடும்பம்.

வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தார். மகன் பெரிய மார்க்க அறிஞன் ஆகவேண்டும் என்று தகப்பனார் ஆசைப்பட்டார். 13 வயதில் அவரைத் தன்தா நகரத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெரிய பள்ளிவாசலில் பள்ளிக்கூடம் நடந்தது.

அங்கே இலக்கணப் பாடம் தொடங்கியது. ஆசிரியர் ஒரு வரியைச் சொல்லுவார். அந்த வரிக்கு ஓர் உரை சொல்லுவார். பிறகு அந்த உரைக்கு இன்னொரு உரை சொல்லுவார். மாணவர்கள் எல்லாவற்றையும் நெட்டுருப் போட வேண்டும். பொருள் என்ன என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

ஒன்றரை ஆண்டு போயிற்று. சிறுவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தனக்கு மூளையே கிடையாது என்று முடிவு செய்தான். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவிட்டான்!

ஊருக்குத் திரும்பினான். விவசாயம் செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். 16 வயதில் அவனுக்குக் கல்யாணமும் நடந்துவிட்டது.

தகப்பனார் விடவில்லை. மீண்டும் தன்தாவுக்குப் போகும்படி கட்டாயப்படுத்தினார். மகன் புறப்பட்டான். ஆனால் பாதி வழியில் பாதையை மாற்றி, உறவினர்கள் இருந்த வேறொரு கிராமத்துக்கு ஓடினான்.

அங்கேதான் அவனுடைய வாழ்க்கை மாறியது.

கிழவர் செய்த வித்தை

அந்தக் கிராமத்தில் தர்வேஷ் என்ற பெரியவர் இருந்தார். தகப்பனாருக்கு மாமன் முறை. பக்திமான். உலகம் சுற்றியவர்.

அவர் ஒரு புத்தகத்தை எடுத்து வந்து, கொஞ்சம் படித்துக் காட்டும்படி பையனிடம் கேட்டார். பையன் புத்தகத்தைத் தூக்கி எறிந்தான். கிழவர் கோபப்படவில்லை. மறுபடியும் புத்தகத்தோடு வந்தார். மறுபடியும் கேட்டார்.

கடைசியில் பையன் சில வரிகள் படித்தான். கிழவர் அந்த வரிகளின் பொருளைப் பேச்சு வழக்கில் எளிமையாகச் சொன்னார். மறுநாள் இன்னும் சில வரிகள். அதற்கும் பொருள் சொன்னார்.

பையனுக்கு வியப்பு. புத்தகத்தில் இருப்பது தன்னுடைய வாழ்க்கையைப்பற்றிய விஷயம் என்று தெரிந்தது! சில நாட்களில் அவனே புத்தகத்தைத் தேடி எடுத்துப் படிக்க ஆரம்பித்தான். புரியாத இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு கிழவரிடம் கேட்டான்.

தனக்கு மூளை உண்டு, சொல்லித்தந்த முறைதான் தவறு என்று தெரிந்துகொண்டான். புரியாமல் ஒப்பிக்கும் சட்டமும் புரியாமல் ஒப்பிக்கும் பாடமும் ஜனங்களுக்கு உதவாது என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை ஆயிற்று.

அல் அஸ்ஹரில்

1866-ம் ஆண்டில் அப்து கெய்ரோ சென்று, அல் அஸ்ஹரில் சேர்ந்தார். 10-ம் நூற்றாண்டில் தொடங்கிய பள்ளிவாசல் அது. முஸ்லிம் உலகமெங்கும் புகழ்பெற்ற கல்வி நிலையம். ஆனால் அங்கும் பாடம் சொல்லும் முறை பழைய முறைதான்.

1871-ம் ஆண்டில் ஜமாலுதீன் ஆப்கானி என்ற அறிஞர் கெய்ரோவுக்கு வந்தார். அவருடைய வீடு ஒரு பள்ளிக்கூடம்போல் ஆயிற்று. மார்க்கம், தத்துவம், விஞ்ஞானம், அரசியல் எல்லாவற்றையும் அங்கே பேசினார்கள். ஐரோப்பியர்கள் கிழக்கு நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கி வருகிறார்கள், முஸ்லிம்கள் விழித்துக்கொள்ள வேண்டும் என்பது ஆப்கானியின் கட்சி. அப்து அவருடைய முதல் மாணவர் ஆனார்.

அல் அஸ்ஹர் பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. 1877-ம் ஆண்டில் அப்து பட்டத் தேர்வு எழுதியபோது எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்ப்பையும் மீறி இரண்டாம் வகுப்பில் தேறினார்.

கணக்குப் புத்தகம் யார் கையில்?

அப்பொழுது எகிப்தை ஆண்டவர் இஸ்மாயில். எகிப்தின் ஆட்சியாளருக்குக் "கெதீவ்" என்று பட்டம்.

இஸ்மாயில் ரயில்பாதை போட்டார். அரண்மனை கட்டினார். சூயஸ் கால்வாயை 1869-ம் ஆண்டில் பெரிய விழா நடத்தித் திறந்தார். எல்லாம் கடன்! வெளிநாட்டு வங்கிகளில் வாங்கிய கடன் மலைபோல் ஏறியது. 1875-ம் ஆண்டில் கால்வாய்க் கம்பெனியில் எகிப்துக்கு இருந்த பங்குகளைப் பிரிட்டனுக்கு விற்றார். அதுவும் போதவில்லை. கடன்காரர்களுக்காக இங்கிலாந்தும் பிரான்சும் எகிப்தின் வரவு செலவைக் கண்காணிக்க வந்தன. வரிச்சுமை விவசாயிகளின் தலையில் விழுந்தது.

1879-ம் ஆண்டில் இஸ்மாயில் பதவியை இழந்தார். அவர் மகன் தவ்பீக் கெதீவ் ஆனார். தவ்பீக் ஆப்கானியை நாட்டை விட்டு விரட்டினார். அப்துவைச் சொந்தக் கிராமத்துக்குப் போகச் சொன்னார்.

ஆனால் அடுத்த ஆண்டே அப்துவைத் திரும்ப அழைத்து, அரசாங்கப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் சேர்த்தார்கள். விரைவில் அவரே தலைமை ஆசிரியர் ஆனார். சாதாரணமாக அரசாங்கப் பத்திரிகையில் உத்தரவுகள் மட்டும்தான் வரும். அப்துவின் பத்திரிகையில் லஞ்சத்தைக் கண்டித்துக் கட்டுரைகள் வந்தன. கல்யாணத்தில் வீண் செலவு செய்வதைக் கண்டித்துக் கட்டுரைகள் வந்தன. அரசாங்க இலாகாக்களின் குறைகளும் வெளிவந்தன!

1881-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந்தேதி கர்னல் அகமது உராபி படைகளோடு கெதீவின் அரண்மனை முன்னால் வந்து நின்றார். ஜனப்பிரதிநிதி சபை வேண்டும் என்று கேட்டார். கெதீவ் இணங்கினார்.

ஜனங்கள் மகிழ்ச்சி அடைந்தார்கள். அப்துவுக்கு மட்டும் கவலை. துப்பாக்கி முனையில் வாங்கிய சபை நிலைக்குமா? படிப்பு இல்லாத ஜனங்கள் அதை எப்படிக் காப்பாற்றுவார்கள்? முதலில் கல்வி, பிறகு சபை என்பது அவருடைய எண்ணம். அதற்காக உராபியோடு வாதாடினார்.

ஆனால் சபை கூடியபோது அவர் ஒதுங்கி நிற்கவில்லை. கலந்து ஆலோசித்து ஆளவேண்டும் என்று குர்ஆன் சொல்லுகிறது. அரபு மொழியில் இதற்கு "ஷூரா" என்று பெயர். ஆகவே ஜனப்பிரதிநிதி சபை மார்க்கத்துக்கு விரோதம் ஆகாது என்று அப்து எழுதினார். எந்த வடிவத்தில் ஆலோசிப்பது என்பதை அந்தந்தக் காலத்து ஜனங்களே தீர்மானிக்கலாம் என்றும் விளக்கினார்.

சபை ஒரு சாதாரண விஷயத்தைத்தான் கேட்டது. நாட்டின் வரவு செலவுத் திட்டத்தைப் பார்த்து ஓட்டுப்போட உரிமை வேண்டும் என்றது. இங்கிலாந்தும் பிரான்சும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. கணக்குப் புத்தகம் ஜனங்கள் கைக்குப் போனால் கடன் வசூல் என்ன ஆகும் என்பது அவர்களுடைய பயம்.

தகராறு முற்றியது. 1882-ம் ஆண்டு ஜூலை 11-ந்தேதி பிரிட்டிஷ் கப்பல்கள் அலெக்சாண்டிரியா நகரத்தின்மீது குண்டு வீசின. செப்டம்பர் 13-ந்தேதி தெல் எல் கெபீர் என்ற இடத்தில் உராபியின் படை தோற்றது. எகிப்து பிரிட்டன் பிடிக்குள் போயிற்று.

அப்து சிறைக்குப் போனார். மூன்று ஆண்டுகள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று தீர்ப்பு. அவருக்கு வயது 33.

பாரிசில் ஒரு பத்திரிகை

அப்து பெய்ரூட் நகரத்துக்குப் போனார். 1884-ம் ஆண்டில் ஆப்கானி அவரைப் பாரிசுக்கு அழைத்தார். இருவரும் சேர்ந்து ஓர் அரபுப் பத்திரிகை நடத்தினார்கள். வெள்ளைக்காரர் ஆதிக்கத்தை அது கடுமையாகத் தாக்கியது. எகிப்திலும் இந்தியாவிலும் அந்தப் பத்திரிகை நுழையப் பிரிட்டிஷ் அதிகாரிகள் தடை போட்டார்கள். 18 இதழ்களோடு பத்திரிகை நின்றுவிட்டது.

இதற்குப் பிறகு குருவும் சீடரும் வெவ்வேறு வழியில் போனார்கள். ஆப்கானி புரட்சியை நம்பினார். அப்து பள்ளிக்கூடத்தை நம்பினார். பெய்ரூட்டுக்குத் திரும்பி, ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை பார்த்தார்.

1888-ம் ஆண்டில் தாயகம் திரும்ப அனுமதி கிடைத்தது. ஆசிரியர் வேலை வேண்டும் என்று கேட்டார். கெதீவ் மறுத்துவிட்டார். இளைஞர்களின் மனதை இவர் மாற்றிவிடுவார் என்று கெதீவுக்குப் பயம்! ஆகவே பாடம் சொல்ல முடியாதபடி அவரை நீதிபதி ஆக்கினார்கள்.

நாற்பது வயதில் பிரெஞ்சு

அப்பொழுது எகிப்தில் இரண்டு விதமான கோர்ட்டுகள் இருந்தன. கடன், சொத்து, குற்றம் முதலிய வழக்குகளுக்கு ஒரு கோர்ட்டு. அதன் சட்டங்கள் பிரெஞ்சுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. கல்யாணம், விவாகரத்து, வாரிசுரிமை முதலியவற்றுக்கு ஷரியத் கோர்ட்டு. ஷரியத் என்பது முஸ்லிம்களின் மார்க்கச் சட்டம்.

அப்து அமர்ந்தது முதல் வகைக் கோர்ட்டில். எந்தச் சட்டப்படி தீர்ப்புச் சொல்லுகிறோமோ அந்தச் சட்டம் பிறந்த மொழி தனக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தார். நாற்பது வயதுக்கு மேல் பிரெஞ்சு மொழியைப் படித்துத் தேறினார்.

ஷரியத் கோர்ட்டுகளையும் பிறகு அவர் நேரில் போய்ப் பார்த்தார். பல இடங்களில் கட்டிடம் சரியில்லை. குமாஸ்தாக்களுக்குச் சம்பளம் போதவில்லை. நீதிபதிகளுக்குப் போதிய பயிற்சி இல்லை. ஜனங்கள் தங்கள் குடும்ப ரகசியங்களையும் கண்ணீரையும் கொண்டுவந்து கொட்டும் இடம் இது. இதைச் சீர்திருத்தாமல் ஷரியத்தின் பெருமையைப் பேசிப் பயன் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்.

முப்தியிடம் வந்த கேள்விகள்

1899-ம் ஆண்டு ஜூன் மாதம் அப்து எகிப்தின் தலைமை முப்தி ஆனார். கடைசி மூச்சு வரை அந்தப் பதவியில் இருந்தார். அந்த ஆறு ஆண்டுகளில் அவர் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பத்வாக்கள் கொடுத்தார். பெரும்பாலானவை வக்பு சொத்து, வாரிசுரிமை, குடும்ப வழக்கு பற்றியவை. விதவைகளும் விவசாயிகளும் முப்தியின் முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

1903-ம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலிருந்து சில கேள்விகள் வந்தன. முஸ்லிம்கள் ஐரோப்பியத் தொப்பி அணியலாமா? அங்குள்ள கிறிஸ்தவர்கள் தங்கள் முறைப்படி அறுத்த இறைச்சியைச் சாப்பிடலாமா? ஒரு மத்ஹபைச் சேர்ந்தவர் வேறு மத்ஹபைச் சேர்ந்த இமாமுக்குப் பின்னால் தொழலாமா?

மூன்றுக்கும் கூடும் என்று அப்து பதில் கொடுத்தார். எகிப்தில் பெரும் கூச்சல் கிளம்பியது! முப்தி மார்க்கத்தை விற்றுவிட்டார் என்று சில பத்திரிகைகள் எழுதின. கேலிப் படங்கள்கூட வெளிவந்தன. அப்து தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

பெண்களின் கஷ்டமும் அவர் கவனத்துக்கு வந்தது. சோறு போடாமல் மனைவியைத் தவிக்கவிட்டுப் போன கணவன் உண்டு. எகிப்துக் கோர்ட்டுகள் ஹனபி மத்ஹபின்படி நடந்தன. அதன்படி அந்தப் பெண்ணுக்கு விடுதலை கிடைப்பது கஷ்டம். மாலிகி மத்ஹபில் நீதிபதியே விவாகரத்துக் கொடுக்கலாம். அப்படியானால் அதை எடுத்துக்கொண்டால் என்ன என்று அப்து கேட்டார். நான்கு மத்ஹபுகளும் முஸ்லிம்களுடையவை தானே என்பது அவர் வாதம். அவர் காலமான பிறகு 1920, 1929-ம் ஆண்டுகளில் எகிப்தில் வந்த குடும்பச் சட்டங்கள் இந்த வழியில்தான் நடந்தன.

பல தார மணத்தையும் அவர் கண்டித்தார். மனைவியர் எல்லோரையும் சமமாக நடத்தவேண்டும் என்பது குர்ஆனின் நிபந்தனை. அது பெரும்பாலோருக்கு முடியாத காரியம் என்று விளக்கினார்.

கெதீவ் கேட்டார், முப்தி மறுத்தார்

அப்பொழுது கெதீவாக இருந்தவர் தவ்பீக்கின் மகன் அப்பாஸ் ஹில்மி. ஆரம்பத்தில் அவர் அப்துவுக்கு ஆதரவாக இருந்தார். பிறகு இருவருக்கும் பகை மூண்டது.

தம்முடைய நிலத்தைக் கொடுத்துவிட்டு, வக்பு நிலத்தை எடுத்துக்கொள்ள கெதீவ் விரும்பினார். வக்பு என்பது தர்மத்துக்கு விட்ட சொத்து. இரண்டு நிலங்களின் மதிப்பும் சமம் இல்லை என்று அப்து எதிர்த்தார். ஆட்சியாளருக்கு ஒரு நியாயம், ஏழைக்கு ஒரு நியாயம் மார்க்கச் சட்டத்தில் கிடையாது என்பதைச் செயலில் காட்டினார். கெதீவ் இதை மறக்கவில்லை.

1902-ம் ஆண்டில் பரா அந்தூன் என்ற கிறிஸ்தவப் பத்திரிகை ஆசிரியரோடு அப்து ஒரு பெரிய விவாதம் நடத்தினார். மதமும் அரசாங்கமும் பிரிந்து இருந்தால்தான் சிந்தனைச் சுதந்திரம் இருக்கும் என்பது அந்தூனின் கட்சி. இஸ்லாமில் போப்பாண்டவர்போன்ற அதிகாரம் யாருக்கும் இல்லை என்று அப்து பதில் எழுதினார். ஆளுகிறவர் தெய்வப்பிறவி அல்ல. அவரை நியமிப்பது ஜனங்கள். தவறு செய்தால் அவரை நீக்கும் உரிமையும் ஜனங்களுக்கு உண்டு என்று வாதாடினார். முப்தியும் நீதிபதியும்கூடச் சட்டம் கொடுத்த அதிகாரத்தைத்தான் செலுத்தலாம். ஒருவருடைய நம்பிக்கையின்மேல் அதிகாரம் செலுத்த முடியாது என்றார்.

ஆனால் இதே அப்து வேறு விதமாகவும் எழுதியது உண்டு. நீதியுள்ள ஒரு சர்வாதிகாரி பதினைந்து ஆண்டுகள் ஆண்டால் கிழக்கு நாடுகள் முன்னேறிவிடும் என்று 1899-ம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சர்வாதிகாரி நீதியை விட்டு விலகினால் அவரைத் தடுப்பது யார் என்ற கேள்விக்கு அதில் சரியான விடை இல்லை.

பிரிட்டிஷ் அதிகாரி குரோமர் பிரபுவோடு அவர் நட்பாக இருந்ததையும் பலர் குறை கூறினார்கள். ஒரு காலத்தில் வெள்ளைக்காரரை எதிர்த்துப் பத்திரிகை நடத்தியவர், பிறகு அவர்களுடைய தயவில் பதவியில் இருக்கலாமா என்று கேட்டார்கள். கெதீவின் கோபத்திலிருந்து தப்பவும், பள்ளிக்கூட வேலைகளை நடத்தவும் அந்த நட்பு அவருக்குத் தேவைப்பட்டது. அதற்காக அவர் கொடுத்த விலை, தேசபக்தர்கள் பலருடைய சந்தேகம்.

அலெக்சாண்டிரியாவில் முடிவு

அல் அஸ்ஹரைத் திருத்தவேண்டும் என்பது அப்துவின் பெரிய ஆசை. 1895-ம் ஆண்டு முதல் அதன் நிர்வாகக் குழுவில் இருந்தார். ஆசிரியர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கிடைக்க வழி செய்தார். மாணவர்களுக்கு நல்ல தண்ணீரும் வைத்திய வசதியும் வந்தன. கணிதம், சரித்திரம், பூகோளம் முதலிய பாடங்களுக்கும் இடம் தேடினார். அவரே உட்கார்ந்து குர்ஆனுக்கு எளிய நடையில் விளக்கம் சொன்னார்.

பழைய முறையை விட மனமில்லாதவர்கள் எதிர்த்தார்கள். கெதீவும் அவர்கள் பக்கம் சேர்ந்தார். 1905-ம் ஆண்டு மார்ச் மாதம் அப்து நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். மனம் உடைந்தது. உடம்பிலும் நோய்.

சிகிச்சைக்காக ஐரோப்பா போகப் புறப்பட்டார். அலெக்சாண்டிரியாவில் நோய் முற்றியது. 1905-ம் ஆண்டு ஜூலை 11-ந்தேதி காலமானார். அந்த நகரத்தின்மீது பிரிட்டிஷ் கப்பல்கள் குண்டு வீசிய அதே தேதி! 23 ஆண்டுகள் கழித்து அவர் அங்கே கண்ணை மூடினார்.

உடலை ரயிலில் கெய்ரோவுக்குக் கொண்டுவந்தார்கள். அல் அஸ்ஹரில் தொழுகை நடந்தது. அவரைத் திட்டியவர்களில் பலரும் ஊர்வலத்தில் நடந்தார்கள்.

ஓர் ஆசிரியர், பல வழிகள்

அப்துவின் மாணவர்களும் தோழர்களும் எகிப்தின் சரித்திரத்தையே மாற்றினார்கள். ஆனால் எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை.

சாத் சக்லூல் 1919-ம் ஆண்டுப் புரட்சியின் தலைவர் ஆனார். 1923-ம் ஆண்டில் எகிப்துக்கு ஓர் அரசியல் சட்டம் வந்தது. அதன்படி நடந்த தேர்தலில் ஜெயித்து, 1924-ம் ஆண்டில் சக்லூல் பிரதம மந்திரி ஆனார்.

காசிம் அமீன் பெண் விடுதலைக்காக எழுதினார்.

ரஷீத் ரிதா தம்முடைய பத்திரிகையில் அப்துவின் குர்ஆன் விளக்கத்தை வெளியிட்டார். பிற்காலத்தில் கிலாபத் ஆட்சி வேண்டும் என்று வாதாடினார். அல் அஸ்ஹரில் படித்த அலி அப்துல் ராசிக், அப்துவின் கருத்துக்களில் ஊறியவர். அவர் 1925-ம் ஆண்டில் ஒரு புத்தகம் எழுதினார். கிலாபத் ஆட்சி மார்க்கத்தின் கட்டளை அல்ல என்றார். அல் அஸ்ஹர் பெரியவர்கள் அவரை விசாரித்து, அறிஞர் பட்டத்தைப் பறித்தார்கள். அவரை மிகவும் கடுமையாக எதிர்த்தவர்களில் ரிதாவும் ஒருவர். இரண்டு பேருமே அப்துவின் வழியில் நடப்பதாக நம்பினார்கள்!

1971-ம் ஆண்டு அரசியல் சட்டத்தில், ஷரியத்தின் கோட்பாடுகள் சட்டத்துக்கு ஒரு முக்கிய ஆதாரம் என்று எழுதினார்கள். 1980-ம் ஆண்டில் அதைத் திருத்தி, அதுவே முக்கிய ஆதாரம் என்று ஆக்கினார்கள். 2011-ம் ஆண்டில் கெய்ரோ நகரத்துத் தஹ்ரீர் சதுக்கத்தில் ஜனங்கள் கூடி, முப்பது ஆண்டுகள் ஆண்ட அதிபரைப் பதவியை விட்டு இறக்கினார்கள். 2012-ம் ஆண்டில் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுத்த அதிபரை 2013-ம் ஆண்டில் ராணுவம் நீக்கியது. துப்பாக்கி நிழலில் ஜனப்பிரதிநிதி சபை நிலைக்குமா என்று 1881-ம் ஆண்டில் அப்து கொண்ட கவலை மறுபடியும் எழுந்தது.

இந்த நூற்றாண்டில் அரபு நாடுகள் பலவற்றில் பொதுஜன அபிப்பிராயத்தைக் கேட்டுக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பல நாடுகளில் பெரும்பாலோர் ஜனநாயகம் நல்லது என்று சொன்னார்கள். அவர்களிலேயே பலர், சட்டம் மார்க்கத்துக்கு ஒத்து இருக்கவேண்டும் என்றும் சொன்னார்கள். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது முரண்பாடாகத் தோன்றியது. அப்படிச் சொன்னவர்களுக்குத் தோன்றவில்லை. பலருக்கு ஷரியத் என்றால் லஞ்சம் வாங்காத நீதிபதி, ஏழைக்குக் கிடைக்கும் நியாயம், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆட்சி. வேறு சிலருக்கு அது கடுமையான தண்டனை. இன்னும் சிலருக்குக் குடும்பச் சட்டம். பெயர் ஒன்று, அதற்குள் ஒவ்வொருவரும் காணும் பொருள் வேறு.

அந்தப் பொருளை ஜனங்களே படித்து, விவாதித்து, தெரிந்துகொள்ளவேண்டும் என்றுதான் அப்து பாடுபட்டார். ஜனங்களுக்குப் புரியாத சட்டம் ஆளுகிறவனுக்குத்தான் சௌகரியம் என்பதை அவர் மூன்று கெதீவுகளின் ஆட்சியில் பார்த்தவர்.

அப்து வகித்த முப்தி பதவி இன்றும் எகிப்தில் இருக்கிறது. அந்த அலுவலகத்துக்கு நாள்தோறும் கேள்விகள் வருகின்றன. கேட்கிறவர்களில் பெண்கள் உண்டு, கூலி வேலை செய்பவர்கள் உண்டு. வங்கி வட்டி வாங்கலாமா, சொத்தை எப்படிப் பிரிப்பது, கணவன் விட்டுப் போனால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள்.